கஞ்சி எந்தக் கணக்கு

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றுபோனது. இந்தப் பக்கம் சின்னவள் ரொட்டி தேய்ப்பதை நிறுத்தினாள்.

பெரியவள், அதாவது சின்னவள் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி, பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு மொத்தமாக ஆர்டர் வாங்கித் தைக்கிறவள். காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்கு உலை வைக்கிற வரைக்கும் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் நின்றால் இரண்டே காரணம்தான். நூல் அறுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதோ திருட்டுத்தனம் நடக்கிறது. நூல் அறுந்தால் பெரியவள் வாய் சும்மா இருக்காது. நூல் விற்றவனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் ஊசியில் நூல் கோர்ப்பாள். இன்றைக்குத் திட்டே காணோம். சின்னவள் மாவுக் கையோடு எழுந்து போய்ப் பலகையில் காதை ஒட்டினாள்.

காதை ஒட்டி என்ன பிரயோசனம்! மழை பிடித்துக்கொண்டதிலிருந்து சுவர் ஊதிப்போய்க் கிடந்தது. வெயில் காலமாக இருந்தால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு இடுக்கு விழும். அங்கே என்ன குழம்பு, யார் வந்தார்கள், யார் தட்டில் எத்தனை கரண்டி விழுந்தது என்று எல்லாம் இங்கே இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம். மழை வந்தால் மரம் தண்ணீரைக் குடித்துப் பருத்து இடுக்கையெல்லாம் அடைத்துக்கொள்ளும். மர அறுவை மில்லிலேயே பிழைக்கிற குடும்பம், காயாத மரத்தை வைத்தா சுவர் அடிப்பார்கள் என்று தெருவில் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அண்ணனும் தம்பியும் மல்லுக்கு நின்ற வேகத்தில் மரம் காய்கிற வரைக்கும் காத்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? காலையில் அறுத்த ஈரப் பலகையைச் சாயங்காலமே கொண்டுவந்து ஆணி அடித்துவிட்டார்கள்.

அப்படி ஒரு வீடு இரண்டு வீடானது. முன்னறை மட்டும் பொது. அதில் மாமனாரின் கட்டில். அந்த அறைக்கு இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு, தெருவுக்கு ஒரு கதவு.

மாமனாரையும் பங்கு பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். மாமியார் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அடுப்பு இரண்டாகிவிட்டது. கெழவருக்கு யார் போடுவது என்று பேச்சு வந்தபோது மில் மேஸ்திரி வந்து நடுவில் உட்கார்ந்தார். "இதுல என்ன பெரிய கஷ்டம்? மத்தியானச் சோறு மூத்தவன் வீட்டுல. காலையிலயும் ராத்திரியும் டிபன், அது இளையவன் வீட்டுல. அவ்வளவுதான், எழுந்திரிங்க" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டுப் போனார். ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்து அதில் எத்தனை பலகை தேறும் என்று சொல்லிவிடுகிற மனுஷன். ஆனால் மரத்தை அறுக்கிற மாதிரி ஒருத்தர் வயிற்றை அறுக்க முடியுமா? முதல் வாரமே மரக் கணுவில் போய் மாட்டியது ரம்பம்.

சாயங்காலம் வாயில் போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே, அது யார் கணக்கு? டிபனில்தான் சேர்த்தி என்றாள் பெரியவள்.

"டிபன்னா தட்டுல போட்டு உட்கார்ந்து சாப்பிடறது" என்றாள் சின்னவள். "கையில வாங்கி நின்னுக்கிட்டே மெல்றதுக்குப் பேரு கொறிக்கிறது. மேஸ்திரி கொறிக்கிறதைப் பத்திச் சொல்லவே இல்லையே."

டீ வெறும் வாய் நனைக்கிற சமாசாரம், அது சாப்பாட்டிலேயே சேர்த்தியில்லை என்று இரண்டு பேரும் அதிசயமாக ஒரே குரலில் சொன்னார்கள். அதனால் மாமனாருக்கு டீ வருவது நின்றுபோனது. சின்னவள் வீட்டுக்கு என்றைக்காவது விருந்தாளி வந்து ராத்திரி சோறாக்கினால், எல்லாரும் சோறு சாப்பிடுவார்கள், மாமனாருக்கு மட்டும் தனியாக ரொட்டி சுட்டு எடுத்துப் போவாள். ராத்திரிக்கு டிபன்தானே பேச்சு? ஒருநாள் சோறு போட்டால் நாளைக்கு அதையே வழக்கமாக்கித் தலையில் கட்டிவிடுவார்கள். ஏமாந்தவளா அவள்?

அப்புறம் ஒருநாள் மாமனாருக்குக் காய்ச்சல் வந்தது. "கொஞ்சம் கஞ்சி கிடைக்குமாம்மா?" என்று பொதுவாக முன்னறையைப் பார்த்துக் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

"கஞ்சி குடிக்கிற பண்டம். பிசைஞ்சு சாப்பிட்டாத்தான் சோறு. டம்ளர்ல ஊத்திக் குடிக்கிறதெல்லாம் டிபன் கணக்கு" என்று அந்தக் கதவில் நின்றுகொண்டு பெரியவள் சொன்னாள்.

சின்னவள் விட்டாளா? "அரிசி உலையில விழுந்தா அது சோறு. அப்புறம் நீங்க அதை வடிச்சாலும் சரி, கரைச்சாலும் சரி, தலைகீழா கவுத்தாலும் சரி" என்றாள்.

தெருவே அதைச் சொல்லிச் சொல்லி ரசித்தது. பெரியவளுக்கு வாயடைத்துப் போனது அன்றைக்கு ஒருநாள்தான். அந்த ஆத்திரத்தில் அவள் புருஷனை ஏற்றிவிட, அவர் தம்பியின் சட்டையைப் பிடிக்க, தம்பி அண்ணனைத் தள்ள, அண்ணன் போய்க் கட்டில் காலில் விழ, அடுத்த வாரம் பலகை வந்தது. கஞ்சி மட்டும் கடைசி வரைக்கும் யாரும் வைக்கவில்லை. காய்ச்சல் தானாகவே வந்த மாதிரி தானாகவே போய்விட்டது. கெழவரும் அதற்கப்புறம் எதுவும் கேட்டதில்லை. சின்னவளுக்கு அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவளுக்கே இப்போது கொஞ்ச நாளாக ஒன்றும் பிடிபடவில்லை. மாமனார் இளைத்துக்கொண்டே வந்தார். கைலியை இறுக்கி இறுக்கிக் கட்டி, முடிச்சு இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டது. ஆனால் தட்டு மட்டும் காலியாகத் திரும்பி வந்தது. அதுவும் முன்னாடியெல்லாம் ரொட்டியின் கருகிய ஓரத்தைப் பிய்த்து ஒதுக்கி வைக்கிற மனுஷன், இப்போது ஓரம்கூட மிச்சமில்லாமல் துடைத்து வைத்தார். அப்புறம் இந்த மழை ஆரம்பித்ததிலிருந்து திடீரென்று பாதி ரொட்டி அப்படியே திரும்ப ஆரம்பித்தது. நேற்று ராத்திரி முழுசாகவே திரும்பியது.

இன்றைக்குக் காலையில் புருஷன் மில்லுக்குக் கிளம்பும்போதே அவள் ஆரம்பித்திருந்தாள். அவன் ரம்பம் ஓட்டுகிறவன். இமை முடியிலெல்லாம் மரத்தூள் ஏறிப்போய், குளித்தாலும் போகாமல் எந்நேரமும் தூங்கி எழுந்தவன் மாதிரி இருப்பான். நாள் முழுக்க ரம்பம் போடுகிற சத்தத்தில் வேலை செய்கிறவன், வீட்டுக்கு வந்தால் பேச்சை அளந்துதான் செலவழிப்பான்.

"உங்கப்பா ரொட்டியத் தொடவே இல்ல, தெரியுமா?"

"பசிச்சிருக்காது."

"பசிக்காம எப்படி இருக்கும்? வேற எங்கயாவது வயிறு ரொம்பினா இங்க எப்படிப் பசிக்கும்னு கேளுங்க."

"எங்க ரொம்புது?"

"எங்கயா? சுவத்துக்கு அந்தாண்டதான். உங்க அண்ணி காலையிலயே கூப்பிட்டு வெச்சு எதையோ போடறாங்க. என் டிபன் தொண்டையில எறங்கல, அதனால நான்தான் மூணு வேளையும் போடறேன்னு நாளைக்கு ஊரெல்லாம் சொல்லப் போறாங்க. அப்புறம் இந்த முன்னறை யாருக்குன்னு பேச்சு வரும்போது, யாரு கையால சாப்பிட்டாரோ அவங்களுக்குத்தான்னு நிக்கும். நீங்க தூசியத் தட்டிக்கிட்டு வேடிக்கை பாருங்க."

அவன் செருப்பை மாட்டினான். "அண்ணி அப்படிச் செய்யறவங்க இல்ல."

"ஓஹோ. நான்தான் செய்யறவளா?"

அவன் பதில் சொல்லாமல் மழையில் இறங்கிவிட்டான். பதில் சொல்லாததையும் அவள் ஒரு ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டாள்.

அடுப்பு நன்றாகப் பிடித்திருந்தது. அதற்கே ஒரு பாடு பட்டிருந்தாள். அவர்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பு. தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கையாலேயே இடித்து இறுக்கி, அப்புறம் பாட்டிலை மெதுவாகத் திருகி உருவ வேண்டும். தூள் சரியாமல் நடுவில் ஓட்டை நின்றால் அரை நாளைக்கு அணையாமல் எரியும். மழைக் காலத்தில் தூளில் ஈரம் ஏறிவிட்டால் வெறும் புகைதான் வரும், கண் அவிந்துபோகும். சின்னவள் கெட்டிக்காரி. மழை வருவதற்கு முன்னாலேயே இரண்டு மூட்டை உலர்ந்த தூளைச் சமையலறை மூலையில் தள்ளி வைத்திருந்தாள்.

பலகையில் ஒன்றும் கேட்காததால் அவள் சுட்ட ரொட்டியைத் தட்டில் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். சத்தமில்லாமல் போய்க் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று எண்ணம்.

அங்கே பெரியவள் இல்லை. மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நாலஞ்சு நாளாகவே அப்படித்தான். வழக்கமாகக் காலையில் மில்லுக்கு நடந்து போய், அங்கே அடுக்கியிருக்கிற கட்டைகளின்மேல் உட்கார்ந்துவிட்டு வருவார். முப்பது வருஷம் ரம்பம் ஓட்டின மனுஷனுக்கு அந்தச் சத்தம் கேட்காமல் பொழுது போகாது. இப்போது மழைக்குப் பயந்து படுத்திருக்கிறார் என்று நினைத்தாள்.

தெருக் கதவில் மில் நாய் உட்கார்ந்திருந்தது. எந்த வேலையும் செய்யாமல் வேலை செய்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருப்பதால் அதற்கு மில்லில் 'மேனேஜர்' என்று பெயர். மேனேஜர் இப்போது நன்றாகக் கொழுத்திருந்தது. நாலஞ்சு நாளாக இந்த வாசலைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. ரொட்டித் தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்று வாலை ஆட்டியது.

"உனக்கு இங்க என்ன ஜோலி?" என்று சின்னவள் அதட்டினாள். "மாமா, டிபன் வெச்சிருக்கேன். சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க."

"வெச்சுட்டுப் போம்மா. அப்புறம் சாப்பிடறேன்."

"நான் இங்கயே நிக்கறேன், சாப்பிடுங்க."

"பசிக்கலம்மா."

"எப்படிப் பசிக்கும்!" என்றாள் அந்தக் கதவுக்குக் கேட்கிற மாதிரி. தட்டை வைப்பதற்காகக் குனிந்தவள் கண்ணில் கட்டிலுக்கடியில் என்னவோ மினுங்கியது. கையை விட்டு எடுத்தாள். ஒரு டம்ளர். ஒரு பக்கம் நசுங்கியது. தன் வீட்டு டம்ளர் எதுவும் நசுங்கியதில்லை என்று அவளுக்குத் தெரியும். உள்ளே அடியில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தாள். புளித்த கஞ்சி வாசம்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கஞ்சி! எதை வைக்க மாட்டேன் என்று அன்றைக்கு அத்தனை ஆட்டம் ஆடினாளோ அதையே இன்றைக்குத் திருட்டுத்தனமாக ஊற்றிக் கொடுத்து மனுஷனை மடக்கப் பார்க்கிறாளா? பல மாதமாகத் தட்டாத அந்தக் கதவை டம்ளராலேயே தட்டினாள்.

"அக்கா! கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

கதவு உடனே திறந்தது. பெரியவளும் வரத் தயாராகத்தான் நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கையில் நனைந்து கூழாகிப்போன ஒரு பழைய பேப்பர் பொட்டலம்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றாள் பெரியவள். "இது என்னன்னு நீயே சொல்லு."

"முதல்ல இது என்னன்னு நீங்க சொல்லுங்க."

"தண்ணி தேங்குதேன்னு மெஷினை விட்டுட்டுப் போய்ப் பார்த்தா, முன்னறை ஜன்னலுக்கு வெளிய, தண்ணி போற வழியை அடைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. நேத்து மத்தியானம் நான் போட்ட சோறு. ஒரு பருக்கை உள்ள போகல. பொட்டலம் கட்டி வெளிய எறிஞ்சிருக்காரு. காலையில நீ வயித்தைக் கல்லு மாதிரி அடைச்சு விட்டா மத்தியானம் சோறு எப்படிம்மா எறங்கும்? என் சாப்பாட்டுக்குக் கெட்ட பேரு வாங்கித் தரணும்னே பண்றியா?"

"நான் அடைக்கிறேனா? காலையில ஒரு வாய்கூட என் டிபனைத் தொடறதில்ல. ஏன்னா நீங்கதான் விடியறதுக்குள்ள டம்ளர் நிறைய ஊத்திடறீங்களே! இது யாரு டம்ளரு?"

பெரியவள் டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கென்ன தெரியும்? எங்க வீட்டுது இல்ல."

"நல்லாயிருக்கே. எங்க வீட்டுதும் இல்ல. அப்போ தானா நடந்து வந்துச்சா?"

"பொய் சொல்லாதே சின்னவளே. நசுங்கின டம்ளர் உன் வீட்டுலதான் இருக்கும். எல்லாத்தையும் போட்டு உடைக்கிறது நீதானே, சுவத்துக்கு இந்தாண்ட எனக்குக் கேக்காதா?"

"காதை வெச்சுக் கேட்டா எல்லாம் கேக்கத்தான் செய்யும்!"

"நீ வெக்காத காதா?"

கட்டிலில் போர்வை அசைந்தது. "ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்கம்மா" என்று மெல்லிய குரல் வந்தது. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் தெருக் கதவில் ஒரு ஆள் வந்து நின்றார். தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேறு. மில் வாட்ச்மேன். நாய் அவரைப் பார்த்துக் குதித்தது. அவர் நாயைக் கண்டுகொள்ளாமல் பெரியவள் கையிலிருந்த டம்ளரையே பார்த்தார்.

"நினைச்சேன்" என்றார். "இங்கதான் இருக்கும்னு நினைச்சேன். குடுங்கம்மா, அது என்னுது."

சின்னவள் முந்திக்கொண்டாள். "உங்க டம்ளர் எங்க மாமா கட்டிலுக்கடியில எதுக்கு வருது?"

"அதை அவரைக் கேளுங்க. மகளுக்குப் பிரசவம்னு நாலஞ்சு நாள் ஊருக்குப் போயிட்டேன். வந்து பார்த்தா ரெண்டு டம்ளர்ல ஒண்ணைக் காணோம். மில்லுல இத்தனை பேரு இருக்காங்க, யாரைன்னு சந்தேகப்படறது? அப்புறம்தான், கடைசியா பெரியவரு கையில பார்த்தது ஞாபகம் வந்துச்சு. நான் இருக்க மாட்டேன்னு சொன்னதும், மிச்சமிருந்த கஞ்சிய ஊத்திக் குடுப்பா, வீட்டுக்குக் கொண்டு போறேன்னாரு. டம்ளரைத் திருப்பிக் கொண்டுவரணுமா இல்லையா?"

"கஞ்சியா?" என்றாள் பெரியவள்.

"கஞ்சிதான். தினமும் எனக்கு ஒரு டம்ளர், அவருக்கு ஒரு டம்ளர். எத்தனை மாசமா நடக்குது! நீங்க குடுத்து விடுற ரொட்டியும் சோறும் துண்டுல முடிஞ்சு கொண்டுவந்து மேனேஜருக்குப் போட்டுருவாரு. அது தின்னு தின்னு இப்போ நடக்கவே மாட்டேங்குது."

மூன்று பேரும் நாயைப் பார்த்தார்கள். நாய் ரொட்டித் தட்டைப் பார்த்தது.

"ஏன்?" என்றாள் சின்னவள். "எதுக்காக அப்படிச் செய்யணும்?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? கடவாய்ப் பல்லு ரெண்டு பக்கமும் கிடையாது. ஈறெல்லாம் புண்ணு. எதை வெச்சு மெல்லுவாரு? வீட்டுல ரெண்டு வேளை டிபனு, ஒரு வேளை சோறு, இத்தனையும் வெச்சுக்கிட்டு ஒரு கஞ்சி காய்ச்சித் தரச் சொல்லக் கூடாதா பெரியவரேன்னு நானே கேட்டிருக்கேன். எங்க வீட்டுல கஞ்சிக்கு எடமில்லப்பான்னாரு. சரி, உங்க வீட்டுப் பழக்கம் என்னவோன்னு விட்டுட்டேன்."

மழை கொஞ்சம் ஓய்ந்தது. தூரத்தில் மில்லில் ரம்பம் ஒரு கட்டைக்குள் நுழைந்து கீச்சென்று இழுக்கிற சத்தம் கேட்டது. வாட்ச்மேன் டம்ளருக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றார். பெரியவள் கொடுக்கவில்லை.

"நீங்க ஊருக்குப் போய் நாலஞ்சு நாளாச்சுன்னு சொன்னீங்க இல்ல?" என்றாள் பெரியவள்.

"ஆமா."

"அப்போ இந்த நாலஞ்சு நாளா..." என்று கட்டிலைப் பார்த்தாள்.

அங்கே சாப்பிடுகிறார் என்று இவள் நினைத்தாள். இங்கே சாப்பிடுகிறார் என்று அவள் நினைத்தாள். இரண்டு சமையலறைக்கு நடுவில் கட்டிலைப் போட்டு ஒரு மனுஷனைப் பட்டினி போட்டிருக்கிறோம்! நேற்று முழுசாகத் திரும்பி வந்த ரொட்டியை என்ன செய்தாள் அவள்? ஆத்திரத்தில் தெருவில் வீசினாள். மேனேஜர்தான் தின்றிருக்கும்.

ஓடிப் போய்ப் போர்வையை விலக்கினாள். "மாமா" என்று தோளைத் தொட்டாள். சட்டைக்குள் தோளே இல்லை, வெறும் எலும்பு. எத்தனை தடவை தட்டை வைத்தாள், எடுத்தாள், தட்டைத்தான் பார்த்தாளே தவிர ஆளைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. வாட்ச்மேன் எதிரில் இப்படி நிற்கிறோமே என்று அதிலும் ஒரு வெட்கம்.

"உன் அடுப்பு எரியுதா?" என்று பெரியவள் கேட்டாள்.

"எரியுது."

"என் தூளெல்லாம் ஈரம். இன்னும் பத்த வெக்கல. மத்தியானத்துக்கு அரிசி களைஞ்சு வெச்சிருக்கேன், இரு."

பானையோடு பெரியவள் வந்தாள். சுவர் அடித்த பிறகு அவள் இந்தச் சமையலறைக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. வந்தவள் கண் சும்மா இருக்கிறதா? அலமாரியை ஒரு பார்வை, மூடி வைத்திருந்த பாத்திரத்தை ஒரு பார்வை, மூலையில் இருந்த மூட்டையை ஒரு பார்வை.

"இவ்வளவு காஞ்ச தூள் வெச்சிருக்கே" என்றாள்.

"மழை வரும்னு எனக்குத் தெரியும்" என்றாள் சின்னவள். "மெஷின் எண்ணெய்க் கையோட பானையத் தொடாதீங்க, கழுவிட்டு வாங்க."

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா?"

ஒருத்தி கிளற, ஒருத்தி தண்ணீர் ஊற்ற, அரிசி குழைந்து வந்தது. உப்புப் போட்டால் புண்ணில் எரியும் என்று இவள் சொன்னாள். உப்பில்லாமல் எப்படி இறங்கும் என்று அவள் சொன்னாள். ஒரு சிட்டிகையோடு ஒத்துப்போனார்கள். இரண்டு பேர் மனதிலும் ஒரே ஓட்டம்தான், வெளியே சொல்லிக்கொள்ளவில்லை: வாட்ச்மேன் வாய் எப்படி? நாளைக்கு மில்லில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாட்ச்மேன் இன்னும் போகவில்லை. முன்னறையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "டம்ளரைக் கழுவி அதுலயே ஊத்துங்க. அவருக்கு அதுதான் பழக்கம்" என்றார். "அப்புறம் வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

மாமனாரைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். ஆவி பறக்கிற டம்ளரைப் பார்த்ததும் அவர் தொண்டை ஏறி இறங்கியது. ஆனால் கை நீளவில்லை. சின்னவளைப் பார்த்தார், பெரியவளைப் பார்த்தார், திறந்திருந்த இரண்டு கதவுகளையும் பார்த்தார்.

"இது யாரு வீட்டுது?" என்றார்.

"குடிங்க மாமா முதல்ல" என்றாள் பெரியவள்.

"யாரு வீட்டுதுன்னு சொல்லுங்கம்மா."

அரிசி அந்த வீடு, அடுப்பு இந்த வீடு, டம்ளர் எந்த வீடும் இல்லை. சின்னவள் யோசிக்காமல் சொன்னாள்: "டிபன்தான் மாமா. என் கணக்கு. நீங்க குடிங்க."

"உன் கணக்கு எப்படி ஆகும்?" என்றாள் பெரியவள் சட்டென்று. "அரிசி என்னுது. அரிசி உலையில விழுந்தா சோறுன்னு நீதானே சொன்னே? இது என் கணக்குதான் மாமா, குடிங்க."

"இத்தனை நாளா எங்க போச்சு அந்தக் கணக்கு?"

"நீ மட்டும் என்ன கிழிச்சே?"

கெழவர் வாயை இறுக்க மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார். "எனக்கு வேண்டாம்மா. பசிக்கல" என்றார். "இந்த வீட்டுல இன்னொரு சுவர் அடிக்க எடம் கிடையாது."

பெரியவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். சின்னவள் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்றுமே பேசாமல், டம்ளரை அவர் உதட்டருகே பிடித்தாள். கை வலித்தது. இறக்கவில்லை. வெகு நேரம் கழித்து அவர் ஒரு வாய் உறிஞ்சினார். கண் இரண்டும் தெருக் கதவிலேயே இருந்தது. இன்னொரு வாய். மூன்றாவது வாய்க்கு டம்ளரைத் தானே கையில் வாங்கிக்கொண்டார்.

அப்போது மில்லில் மத்தியானச் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் தெருவில் பேச்சுக் குரலும், செருப்பில் ஒட்டிய சேற்றைப் படியில் தேய்க்கிற சத்தமும் கேட்டது. மகன்கள் இரண்டு பேரும் ஒரே மழைக்கு ஒதுங்கி ஒன்றாக வந்துவிட்டார்கள். மூத்தவன் லாரிக்கு மரம் ஏற்றுகிறவன். தோளில் மடித்த சாக்கோடு முதலில் நுழைந்தான். இளையவன் பின்னாடி.

அதற்குள் டம்ளரைக் காணோம். பாதிக் கஞ்சியோடு அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, கெழவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த எலும்புக் கைக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ!

"என்னப்பா, சோறு ஆச்சா?" என்று மூத்தவன் வழக்கமாகக் கேட்டான்.

"ஆச்சுப்பா."

"காலையில டிபன் சாப்பிட்டியா?" என்றான் இளையவன்.

"சாப்பிட்டேன்பா. எல்லாம் ஆச்சு."

சின்னவள் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து டம்ளரை எடுத்தாள். கொஞ்சம் சிந்தியிருந்தது. இரண்டு ஆண்களும் டம்ளரைப் பார்த்தார்கள், தங்கள் பெண்டாட்டிகள் ஒரே அறையில் நிற்பதைப் பார்த்தார்கள், திறந்து கிடந்த கதவுகளைப் பார்த்தார்கள். மூத்தவன் நெற்றி சுருங்கியது.

"கஞ்சியா? இது யாரு வெச்சது?" என்றான். "யாரு கணக்குல?"

"அதானே" என்றான் இளையவன். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த முதல் நீளப் பேச்சு அதுதான். "அன்னிக்குப் பேசினது ஒண்ணு, இன்னிக்கு நடக்கறது ஒண்ணு. எங்க வீட்டுத் தலையில கட்டறதுக்கா இந்த ஏற்பாடு?"

கெழவர் உதட்டை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெளிய போங்க" என்றாள் சின்னவள்.

"என்னது?"

"ரெண்டு பேரும் வெளிய போங்கன்னு சொல்றேன்!"

புருஷனிடம் அவள் அந்தக் குரலில் பேசியதில்லை. பெரியவள் ஒரு படி மேலே போனாள். மூத்தவன் தோளில் இருந்த சாக்கைப் பிடித்து இழுத்தபடியே வாசலுக்குக் கொண்டுபோய் விட்டாள். "என்னன்னு சொல்லுடி" என்று அவன் கேட்டுக்கொண்டே போனான். "அப்புறம் சொல்றேன். கேட்டுட்டு எப்படித் தலை நிமிர்ந்து மில்லுக்குப் போறீங்கன்னு பார்க்கறேன்" என்றாள். இளையவன் தானே இறங்கிப் போனான். தாழ்வாரத்தில் மேனேஜருக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் சாரலில் நனைந்துகொண்டு நின்றார்கள். பெரியவள் தெருக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

சின்னவள் டம்ளரை நீட்டினாள். "யாரும் இல்ல மாமா. குடிங்க."

அவர் சாத்தின கதவைப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தையே வெகு நேரம் பார்த்தார். தன்னையும் போகச் சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்லவில்லை. டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, சத்தம் வராமல் குடிக்க ஆரம்பித்தார்.